இருபது பவுண்டுக்கு எவ்வளவு

இல்லக்கா, பை மடியிலேயே இருக்கட்டும். கனம் ஒன்றும் இல்லை. உள்ளே கட்டைவிரல் அளவு ஒரு பித்தளைச் சாமானும் ஒரு நோட்டும் ஒரு கவரும்தான். பாப்பாவைத்தான் கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்த்துக்கொள்கிறேன். காங்கேயத்தில் ஏறும்போதே கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தாள்.

நான் பஸ்ஸில் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. வீட்டிலேயே பேச மாட்டேன். கோயமுத்தூரில் என்ன வேலை என்று நீங்கள் கேட்டதும் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது. அப்புறம், நீங்கள் யாரோ நான் யாரோ, சிங்காநல்லூரில் இறங்கினால் முடிந்தது என்று தோன்றியது.

இது பிரஷர் சென்சார் அக்கா. ஏரோப்ளேனுடையது.

சிரிக்காதீங்க. நிஜ ஏரோப்ளேன்தான். எங்கள் வீட்டுக்காரர் செய்தது. காங்கேயத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். எண்ணெய் மில்லுக்கும் அரிசி மில்லுக்கும் ஷாப்ட் கடைந்து தருவார். நாச்சிமுத்து பட்டறை என்றால் எல்லோருக்கும் தெரியும். பேரைச் சொல்லிவிட்டேன் பாருங்கள். அவரும் பல்லடத்து வின்சென்ட் அண்ணனும் சேர்ந்து நாலு வருஷம் செய்தார்கள், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில். வின்சென்ட் அண்ணன் எங்கேயோ வடக்கே போய் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தவர். ஒருத்தர் உட்காருகிற ப்ளேன். கார் எஞ்சினை மாற்றிப் பூட்டினார்கள். கல்யாணம் ஆகி நான் வரும்போது இறக்கை மட்டும் சுவரில் சாய்ந்து நின்றது. பரண் செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

எஞ்சினுக்குள் ஆயில் ஒரு அழுத்தத்தோடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அழுத்தம் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். காரென்றால் ஓரமாக நிறுத்திவிடலாம், மேலே எங்கே நிறுத்துவது? அதனால் அழுத்தம் எத்தனை பவுண்டு என்று ஓட்டுகிறவர் கண் முன்னால் ஒரு பெட்டி காட்டிக்கொண்டே இருக்கும். பெட்டிக்குச் சொல்கிறது இந்தச் சாமான். ஆனால் இதற்குப் பவுண்டு கணக்கு தெரியாது. இது ஒயர் வழியாக வேறு ஏதோ ஒரு நம்பரை அனுப்பும். எந்தப் பவுண்டுக்கு எந்த நம்பர் என்று நாம்தான் முன்னாலேயே பார்த்து எழுதி, பெட்டிக்குச் சொல்லித்தர வேண்டும்.

எழுதியது நான்.

ஆமாக்கா, நான்தான். ஆறாவது வரைக்கும் படித்திருக்கிறேன். வின்சென்ட் அண்ணன்தான் எழுதுகிறேன் என்றார். இவர் வேண்டாம் என்றார். “நீ எழுதினா யோசிச்சு யோசிச்சு எழுதுவடா. எங்க புள்ள அப்படியில்ல. கண்ணுல பட்டதை எழுதும், அவ்வளவுதான்.” எனக்கு அது பெருமையா மட்டமா என்று தெரியவில்லை. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

வேலை இப்படித்தான் நடக்கும். இவர் சென்சாரை ஒரு குழாயில் மாட்டி, அசையாமல் வைஸில் இறுக்கிவிடுவார். குழாயின் இந்தப் பக்கம் கைப்பம்பு, அந்தப் பக்கம் அழுத்தத்தைத் தப்பில்லாமல் காட்டுகிற ஒரு கேஜ். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பம்பை அடிப்பார். கேஜ் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். முள் பத்தில் நின்றதும் “பத்து. எவ்வளவு?” என்பார். நான் என் பக்கத்து மீட்டரில் தெரிகிற நம்பரைச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். அறுபது வரைக்கும் ஏறி, அப்புறம் காற்றை விட்டுவிட்டு அதே மாதிரி இறங்கி வர வேண்டும்.

எனக்குக் குரல் எழும்பாது. வின்சென்ட் அண்ணன் கேலி பண்ணுவார். “பேருதான் மைனாவதி. ஒரு சத்தம் வெளிய வருதா? தங்கச்சி, கொஞ்சம் ஒரக்கச் சொல்லும்மா. உன் புருஷனுக்குக் கேக்கறது இருக்கட்டும், ப்ளேனுக்கே கேக்கல.” நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பேன்.

முதல் சென்சாரில் ஆயில் கசிந்தது. இரண்டாவது ஐம்பதில் ஏறி அப்படியே நின்றுகொண்டது. அதை இவர் பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியால் அடித்து நசுக்கிவிட்டார். மூன்று நாள் சோறு தின்னவில்லை. என்னிடம் ஒரு சொல் இல்லை. நான் என்னக்கா செய்தேன்? நான் நம்பரை மட்டும்தானே சொன்னேன். ஆனாலும் அந்த மூன்று நாளும், ஐம்பதில் அது நின்றதற்கு நான்தான் காரணம் என்கிற மாதிரி இருக்கும். தட்டை வைத்தால் தள்ளிவிட மாட்டார், பார்க்க மாட்டார். அவ்வளவுதான். அடுத்த சென்சார் வர ஒரு மாசம் ஆகும்.

இதற்குள் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. ஒன்றும் அடிக்காமல் இருந்தால் பத்து. பத்துப் பவுண்டுக்கு இருபத்திரண்டு. இருபதுக்கு முப்பத்திநாலு. முப்பதுக்கு நாற்பத்தாறு. பத்துப் பத்தாக ஏறினால் நம்பர் பன்னிரண்டு பன்னிரண்டாக ஏறும். ஒன்று கூடும், ஒன்று குறையும், அவ்வளவுதான். அவர் “எவ்வளவு” என்று கேட்கும் முன்னாலேயே எனக்கு விடை தெரியும். பாத்திரம் கழுவும்போதும் சொல்லிப் பார்ப்பேன். பத்து, இருபத்திரண்டு, முப்பத்திநாலு. எனக்கும் ஒன்று தெரிந்துவிட்டது என்று அப்படி ஒரு சந்தோஷம்.

மூன்றாவது சென்சார் மார்கழியில் வந்தது. அதுதான் இது.

அன்றைக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல். ஷெட்டுக்குள்ளேயே பைப்பில் சேலையைக் கட்டித் தூளி போட்டுக் காலால் ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தை பிறந்தால் பறக்க வேண்டும் என்று வின்சென்ட் அண்ணன் குதித்துக்கொண்டிருந்தார். “பத்து. எவ்வளவு?” இருபத்திரண்டு என்றேன். இவர் முதுகு லேசாகத் தளர்ந்தது. எனக்கு அந்த முதுகு நன்றாகத் தெரியும். “இருபது. எவ்வளவு?”

மீட்டரில் நாற்பத்திரண்டு நின்றது.

தூளியை ஆட்டியதில் ஒயர் அசைந்திருக்கும் என்று நினைத்தேன். பாப்பா வீரிட்டு அழுதாள். கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தேன். “எவ்வளவு புள்ள?”

முப்பத்திநாலு என்றேன். எழுதினேன்.

அதற்கு மேலே எல்லாம் ஒழுங்காக வந்தது. நாற்பத்தாறு, ஐம்பத்தெட்டு, எழுபது. வின்சென்ட் அண்ணன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுதாண்டா சென்சாரு! கோடு போட்ட மாதிரி இருக்கு” என்று என் தலையில் தட்டினார். அன்றைக்கு இவர் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கித் தின்றார். ஒரே ஒரு நம்பர் அக்கா. காய்ச்சல்காரக் குழந்தையைக் காலில் வைத்துக்கொண்டு, ஏதோ கண் தப்பு. யாருக்கும் வருவதுதானே?

பொங்கல் கழிந்து பறந்தார்கள். அனுமதியெல்லாம் வாங்கித்தான். வெள்ளைக்காரன் சண்டை சமயத்தில் போட்ட பழைய ஓடுபாதை ஒன்று இருக்கிறது, ஆடு மேய்கிற இடம். வின்சென்ட் அண்ணன் இரண்டு தடவை மேலே போய் வந்துவிட்டார். நானும் பார்த்தேன். அழுதேன்கூட. மூன்றாவது தடவை நான் போகவில்லை. வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஆயில் குழாய் ஒன்று விட்டுப்போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. மேலே வட்டம் அடித்துக்கொண்டேதான் இருந்தாராம். நினைத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் இறங்கியிருக்கலாமாம். இறங்கவில்லை. எஞ்சின் நின்றது. பாதைக்குத் திரும்புவதற்குள் மக்காச்சோளக் காட்டில் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார்.

இருபத்தைந்து பவுண்டுக்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு எரியும்படி வைத்திருந்தார்கள். இதை வின்சென்ட் அண்ணனே ஒருநாள் எனக்குக் காட்டினார். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன் அக்கா, அந்தப் பன்னிரண்டு கணக்கை வைத்து. நிஜமாக இருபது இருக்கும்போது இந்தச் சாமான் நாற்பத்திரண்டு என்று சொல்லும். பெட்டி அதை இருபத்தாறுக்கு மேலே என்று நினைத்துக்கொள்ளும். விளக்கு எரியாது. அது எரியும் அளவுக்கு இறங்குவதற்குள் எஞ்சின் இறுகத் தொடங்கியிருக்கும்.

பெரிய ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார்கள், இந்தச் சென்சாரைத் தவிர. ஏனென்றால் நோட்டு அவ்வளவு ஒழுங்காக இருந்தது. ஓட்டியவர் மீட்டரைக் கவனிக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அதில் ஒருத்தர், “இதை எழுதினது யாரு?” என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இவர், “நான்தாங்க” என்று சொல்லிவிட்டார். அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும். என்னுடையது கோழி கிளறின மாதிரி. அந்த ஆபீசர் சரியாகப் பார்க்கவில்லை போல. ஆறாவது படித்த பொம்பளையை வைத்து எழுதினோம் என்று சொல்ல இவருக்கு வெட்கம். வேறென்ன?

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் பட்டறையை மூடிவிட்டு ஷெட்டுக்குள் போய்விடுவார். பம்பு அடிக்கிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் அடிப்பார், நிறுத்துவார். அடிப்பார், நிறுத்துவார். மனசு கலங்கிவிட்டது என்று நினைத்தேன். கேஜைப் பார்க்க ஒரு ஆள், மீட்டரைப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே, தனியாக அவருக்கு என்ன தெரிந்துவிடப்போகிறது? அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன். முதல் வாரமே என் முகம் பார்க்கிற கண்ணாடியைக்கூட ஷெட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். சவரம் பண்ணுவதற்காக இருக்கும். தாடி என்னவோ வளர்ந்தேதான் கிடக்கிறது.

எனக்கு வேறொன்று ஆரம்பித்தது. யாரிடமும் சொன்னதில்லை. பயந்துவிடாதீங்க. நல்ல பகலில், குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்பேன். காதுக்குப் பக்கத்தில், “தங்கச்சி, எவ்வளவு?” என்று கேட்கும். வின்சென்ட் அண்ணன் குரல். கோபமே இருக்காது. கேலியும் இருக்காது. சும்மா கேட்கிற மாதிரி. நான் முப்பத்திநாலு என்பேன், வாய்க்குள்ளேயே. மறுபடி கேட்கும், “எவ்வளவு?” குடம் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். பின்னால் நிற்கிற பொம்பளைகள் கத்துவார்கள். ரேஷன் கடையில் கேட்டிருக்கிறது. பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போது கேட்டிருக்கிறது. கோயிலில் தட்டை நீட்டும்போது பூசாரி குரலுக்குள்ளே கேட்டிருக்கிறது. உடுக்கை அடிக்கிறவரிடம் கூட்டிப்போங்கள் என்று சொல்லலாம்தான். என்ன கேட்கிறது என்று அவர் கேட்பாரே.

போன ஞாயிற்றுக்கிழமை ரெஜினா அக்கா வந்தார்கள். வின்சென்ட் அண்ணன் வீட்டுக்காரம்மா. ஏழு மாசத்தில் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஷெட் வாசலிலேயே நின்று இவரிடம் கேட்டார்கள்.

“அண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பெட்டியில அவருக்குத் தெரிஞ்சுதா, தெரியலையா? பையன் கேக்குறான். பள்ளிக்கூடத்துல, உங்கப்பா மீட்டரைப் பாக்காம பாட்டுக் கேட்டுட்டுப் போனாராமேன்னு சொல்றாங்களாம். நானும் தெனம் போட்டோவப் பாத்துத் திட்டிட்டுத்தான் இருக்கேன். கண்ணு எங்கய்யா போச்சு உனக்குன்னு. திட்டிட்டு அப்புறம் பூ வைக்கிறேன். அதுலயாவது ஒரு முடிவு தெரிஞ்சா தேவலைண்ணா.”

இவர் திரும்பிப் போய் வைஸில் இருந்த சென்சாரைக் கழற்ற ஆரம்பித்தார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, “நல்லா இரும்மா” என்றார்கள். அந்தச் சொம்பை நான் இன்னும் எடுத்துப் புழங்கவில்லை.

மறுநாள் இவர் சென்சாரைத் துடைத்துத் துணியில் சுற்றினார். நோட்டையும் ஒரு லெட்டரையும் வைத்தார். கோயமுத்தூரில் ஒரு டெஸ்டிங் லேப் இருக்கிறது, நீ கொண்டுபோய்க் கொடு என்றார். நீங்கள் போகலையா என்றால், பட்டறையில் வேலை கிடக்கிறது என்கிறார். வேலையே இல்லை அக்கா, லேத்தில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. பஸ் ஏற்றிவிடும்போது என்ன சொன்னார் தெரியுமா? “குடுக்கறதும் குடுக்காததும் உன் இஷ்டம். பை பஸ்ஸுல தொலைஞ்சு போனாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.” என்னை அவ்வளவு பொறுப்பில்லாதவள் என்று நினைத்துவிட்டார் பாருங்கள். ஒரு பையைக்கூடப் பத்திரமாகக் கொண்டுபோகத் தெரியாதவளாம்.

மறைக்கவில்லை அக்கா, தொலைத்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியதுதான். பொங்கலூர் தாண்டி வாய்க்கால் வந்தபோது பையை ஜன்னல் வரைக்கும் கொண்டுபோனேன். அப்போதுதான் நீங்கள் பேச்சுக் கொடுத்தீர்கள். லேப்பில் சோதித்தால் இருபதில் நாற்பத்திரண்டு என்று தெரிந்துவிடும். நோட்டில் முப்பத்திநாலு. இவருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் இவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? கொடுக்காவிட்டால் ரெஜினா அக்கா காலமெல்லாம் செத்தவரைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள்.

நீங்கள் இங்கிலீஷ் படிப்பீர்கள்தானே? இந்த லெட்டரைக் கொஞ்சம் பாருங்கள். எந்த ஸ்டாப்பில் இறங்குவது என்று போட்டிருக்கும். கவரை ஒட்டவில்லை, மறந்துவிட்டார் போல. பிரித்தே பாருங்கள், பரவாயில்லை.

என்ன அக்கா, ஏன் என்னைப் பார்க்கிறீர்கள்?

சத்தமாகப் படிங்க. தமிழில் சொல்லுங்க.

இருபது பவுண்டில் நாற்பத்திரண்டு வருகிறது என்று எழுதியிருக்கிறாரா? சரி. ஏறும்போதும் நாற்பத்திரண்டு, இறங்கும்போதும் நாற்பத்திரண்டு. நூறு தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன். நூறு தடவையா? நோட்டில் இரண்டு இடத்திலும் முப்பத்திநாலு என்று பதிவாகியிருக்கிறது. நீங்கள் சோதித்து எழுத்தில் கொடுத்தால் ஆபீசுக்கு அனுப்புவேன், விமானி மேல் தவறில்லை என்று காட்ட. பதிவுகள் என் கையால் எழுதப்பட்டவை. தவறு என்னுடையது.

அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க.

அவருக்குத் தெரியும். முதல் வாரத்திலிருந்தே தெரியும். கண்ணாடியை மீட்டருக்கு எதிரே வைத்துக்கொண்டு தனியாகப் பார்த்திருக்கிறார். நான் கொடுத்த டீயை வாங்கிக் குடித்துக்கொண்டு, நான் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, ஏழு மாசம். செத்தவர் மேல் பழி கிடக்கிறது என்று தெரிந்தும்.

இரண்டு இடத்தில் என்று படித்தீர்களே, உங்களிடம் நான் ஒன்று என்றுதான் சொன்னேன். அதனால்தானே அப்படிப் பார்க்கிறீர்கள். ஆமாக்கா. ஏறும்போது கண் தப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். இறங்கும்போது பாப்பா அழவில்லை. தூங்கிவிட்டாள். காலை எடுத்துவிட்டேன், ஒயர் அசையவில்லை. ஷெட்டில் ஈ பறந்தால் கேட்கும், அவ்வளவு அமைதி. “இருபது. எவ்வளவு?” மீட்டரில் நாற்பத்திரண்டு, ஆடாமல் அசையாமல். இப்போது சொன்னால் ஏறும்போது சொன்னது பொய் என்று ஆகும். இந்தச் சென்சாரும் கல்லுக்குப் போகும். மூன்று நாள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வின்சென்ட் அண்ணன் வேறு நம்பர் ஏறும்போதே கோடு மாதிரி இருக்கு, கோடு மாதிரி இருக்கு என்று விசிலடித்துவிட்டார். நான் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் முப்பத்திநாலு என்றேன். அன்றைக்கு என் குரல் நன்றாகவே எழும்பியது. “பாருடா, மைனா பேசிருச்சு” என்றார் வின்சென்ட் அண்ணன்.

என்னைத் திட்டியிருக்கலாமே அவர்? ஒரு அறை வைத்திருக்கலாம். நான் அழுதிருப்பேன், ஒத்துக்கொண்டிருப்பேன், ஏழு மாசம் முன்னாலேயே முடிந்திருக்கும். அதைக்கூட எனக்கு விடவில்லை. என் எழுத்தைத் தன் எழுத்து என்கிறார். என் தப்பைத் தன் தப்பு என்கிறார். அப்படியென்றால் அந்த நோட்டில் நான் எங்கே இருக்கிறேன்? ஆளே இல்லையா?

நல்ல மனசு என்று சொல்லாதீங்க அக்கா. எனக்கு இப்போது அது கேட்க வேண்டாம். ஆபீசர் முன்னால் அவர் நான்தாங்க என்று சொன்ன அன்றைக்கே நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். சும்மா நின்றேன். நன்றாக மூச்சு விட்டேன் அக்கா, அப்பாடா என்று.

இது எந்த ஊர்? பல்லடமா? தெரிகிறது, பஸ் ஸ்டாண்டுதான். ரெஜினா அக்கா வீடு மாதாகோயிலுக்குப் பின்னால் என்று தெரியும். காரியத்துக்கு வந்திருக்கிறேன்.

லேப்புக்குப் போகத்தான் போகிறேன். அப்புறம் போகிறேன். முதலில் அவர்களிடம் போக வேண்டும். என்ன சொல்வது என்று தெரியாது. அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். அடிக்க ஆள் தெரியாமல்தானே இத்தனை நாள் போட்டோவை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். முடிந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கோயமுத்தூர் போவேன். வராவிட்டால் நான் மட்டும் போவேன். அந்த லெட்டரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கிழித்துப் போடுங்கள். நோட்டு போதும். எழுத்து யாருடையது என்று நோட்டே சொல்லும்.

பாப்பாவைத் தோளில் போட்டுவிடுங்க. அப்படித்தான். எழுந்திருக்காதே கண்ணு, தூங்கு.

ஐயோ, பஸ் நகருகிறது. அக்கா, கண்டக்டரை நிறுத்தச் சொல்லுங்களேன். நான் சொன்னால் அவருக்குக் கேட்காது. இல்லை, வேண்டாம். இருங்க, நீங்க சொல்லாதீங்க.

அண்ணே! நிறுத்துங்க! இங்க ஆள் எறங்கணும்!